மடியில் ஒரு குழாய்ச் சேறு

1

இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒன்றே ஒன்றுதான். மீதியெல்லாம் புளுகு. கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். புளுகு எங்கே ஓடிவிடப் போகிறது, காத்திருக்கட்டும்.

பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல ஆகிருதி. இருக்கை அவருக்குப் போதாமல் பாதி உடம்பு நடைபாதையில் இருந்தது. அவர் மடியில், இரண்டு முழங்காலுக்கும் நடுவே, ஒரு கை நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒன்று நெட்டுக்குத்தலாக நின்றது. அடியில் முக்கால்வாசி கறுப்புச் சேறு. அதற்கு மேலே விளிம்புவரை பழுப்புத் தண்ணீர். மூடி போட்டு டேப் சுற்றியிருந்தது. பேருந்து பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவர் குழாயோடு சேர்ந்து எழுந்து குழாயோடு சேர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பெண் அவர் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் எட்டிப் பார்த்தேன். என் பை அவர் தோளில் இடித்துவிட்டது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் குழாய் அசையும்.

"சார், கொஞ்சம் ஆடாம உக்காருங்க. சேறு கலங்கிடும்," என்றார்.

சேறு கலங்கிவிடுமே என்று கவலைப்பட்ட மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும், இந்தக் கதை தேவைப்பட்டிருக்காது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "சதுப்பின் மேல் விடியல் மெல்ல—"

அடித்துவிட்டேன். நான் அடிக்கவில்லை, அத்தை அடித்தார். அத்தை என்றால் என் மாமியார். அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். எங்களோடு இருக்கிறார், என் கைப்பிரதிகளோடும் இருக்கிறார். "விடியல்ல ஆரம்பிக்கிற கதை எல்லாம் மத்தியானத்துக்குள்ள செத்துடும், மாப்பிள்ளை," என்பது அவர் அபிப்பிராயம்.

இரண்டாம் தொடக்கம்: "யுரேனியம் என்பது ஒரு கன உலோகம், அதன்—" இதை நானே அடித்தேன்.

மூன்றாவது பயத்தைப் பற்றி இரண்டு பக்கம் போனது. அதில் மனிதர் ஒருவரும் வரவில்லை. அத்தை ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான்காவதுதான் நின்றது: "தண்ணீர் தேங்கி நின்றால் அண்ணனுக்குப் பொறுக்காது."

பேருந்தில் மடியில் குழாய் வைத்திருந்தவர்தான் அண்ணன். தூங்கிக்கொண்டிருந்தவள் தங்கை. பேருந்தில் அவரை 'அவர்' என்றேன். கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவன்'. பெற்றவன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு.

அவன் பொக்லைன் ஓட்டுபவன். நாளெல்லாம் மண்ணில் புரளும் வேலை. வீட்டுக்கு வந்தால் சுத்தம், அப்படி ஒரு சுத்தம். குவளையில் பாதி குடித்த தண்ணீர் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து வைப்பான். நாய்க்கு வைத்த கிண்ணத்தில் நாய் வாய் வைப்பதற்குள் இரண்டு தடவை தண்ணீர் மாறிவிடும். பூச்சாடியிலும் அதே கதை. அவன் மனைவி சமையலறையில் எதையாவது ஊறவைத்தால் பாத்திரத்தின் மேல் தட்டைக் கவிழ்த்து, தட்டின் மேல் "தொடாதே" என்று எழுதி வைப்பாள்.

தங்கை மண் சோதனைக்கூடத்தில் ஆய்வாளர். ஏரி அடியிலும் சதுப்பிலும் படியும் வண்டல்தான் அவள் படிப்பு, வேலை, பேச்சு எல்லாம். சின்ன வயதிலேயே சேற்றைக் கண்டால் இறங்கிவிடுவாளாம். அதனால் அண்ணன் வைத்த பெயர் நண்டு. இன்றும் அதுதான்.

(இந்தக் கதையில் யாருக்கும் சரியான பெயர் வைக்கவில்லையே என்று அத்தை கேட்டார். பேருந்தில் யாரும் பெயர் சொல்லவில்லை, அத்தை.)

3

இனி கொஞ்சம் யுரேனியம். பாடம் பிடிக்காதவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவலாம். ஆனால் தாவினால் அண்ணன் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்று தெரியாமல் போகும். பிறகு என்மேல் பழி போடக்கூடாது.

இந்த உலோகத்துக்கு இரண்டு குணம். காற்றுப் பட்ட தண்ணீரில் அது கரைந்துவிடும், தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். காற்று எட்டாத சேற்றுக்குள் மாட்டிக்கொண்டாலோ கரைவதை விட்டுவிட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. மூச்சு விட அவற்றுக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று இரும்பை, கந்தகத்தை, சில நேரம் யுரேனியத்தையே பிடித்து அந்த வேலையை முடித்துக்கொள்கின்றன. அப்படி அவற்றின் கையில் அகப்பட்டு வெளியே வந்த யுரேனியத்துக்குக் கரையும் சக்தி போய்விடுகிறது. மக்கின இலையும் நாணல் வேரும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

(சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுத் "தோராயமா சரி" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம்.)

கிடப்பதிலும் இரண்டு வகை உண்டு. புதிதாக வந்தது, விருந்துக்கு வந்த இடத்தில் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருப்பவரைப் போல. கொஞ்சம் காற்று வந்தால் போதும், எழுந்து கிளம்பிவிடும். பல்லாண்டு அடியில் கிடந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, மணல்துகள் மாதிரி கனிமமாக மாறிக்கொண்டு வரும். அதைக் கிளப்புவது கஷ்டம். எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நண்பரும் செய்யவில்லை. இந்தக் கதையின் சதுப்பில் அப்படி நடக்கிறது.

பாடம் முடிந்தது.

4

ஊருக்கு மேலே மலையில் ஒரு பழைய யுரேனியச் சுரங்கம். நண்டு பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டார்கள். அங்கிருந்து வரும் ஓடை நாணல் அடர்ந்த ஒரு சதுப்புக்குள் நுழைகிறது. சதுப்பின் மறுமுனையில் ஒரு மதகு. மதகைத் தாண்டினால் ஏரி. ஏரித் தண்ணீரைத்தான் ஊர் குடிக்கிறது. ஏரித் தண்ணீர் இதுவரை எல்லாச் சோதனையிலும் தேறி வந்திருக்கிறது. ஏன் தேறுகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. நல்லது நடந்துகொண்டே இருந்தால் யார்தான் காரணம் கேட்கிறார்கள்?

பிறகு யாரோ சதுப்புச் சேற்றைச் சோதித்தார்கள். சேறு முழுக்க யுரேனியம். மலையிலிருந்து வந்ததையெல்லாம் சதுப்பு இத்தனை வருடமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஊருக்குப் பக்கத்தில் விஷம் கிடக்கிறது என்றுதான் சொன்னார்கள். இரண்டும் உண்மைதான். இரண்டாவது வாசகம் வேகமாகப் பரவியது.

மருந்துக்கடை அம்மா நகரமன்றத்தில் எழுந்து நின்று அதைத் தோண்டி எறியச் சொன்னார். அவர் மகளுக்கு ஏழாம் மாதம். மதகைத் திறந்து சதுப்பை வடியவிட்டு, காயவைத்து, பொக்லைன் இறக்கி, சேற்றை வாரி எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டுவது என்று திட்டம் தயாரானது. பொக்லைன் அண்ணனுடையது.

திட்டத்துக்கு ஒரே ஒரு தடை. சேற்றில் இருக்கும் யுரேனியம் ஒட்டிக் கிடக்கிறதா, கரைந்து கிளம்பிக்கொண்டிருக்கிறதா என்று நண்டு சோதித்துச் சொல்ல வேண்டும். கிளம்புகிறது என்றால் தோண்டியே ஆகவேண்டும். கிடக்கிறது என்றால் விட்டுவிடலாம்.

அவள் முட்டளவு சேற்றில் இறங்கி, குழாய்களை அழுத்தி இறக்கி, மேலே மூடி, உறிஞ்சுகிற மாதிரி இழுத்து எடுத்தாள். அடியை அடைத்தாள். சேற்றுக்கு மேல் சதுப்புத் தண்ணீர் விளிம்புவரை நிற்க வேண்டும். அதுதான் காற்றை உள்ளே விடாமல் அடைக்கும் கதவு. அன்றைக்குச் சோதனைக்கூடத்து வண்டி வேறு வேலைக்குப் போயிருந்தது. அண்ணன் தன் வேனைக் கொண்டுவந்தான். அவளுக்கு மதகில் இன்னும் அளக்க வேண்டியிருந்ததால் குழாய்களை அவனிடம் கொடுத்து, கூடம் பூட்டியிருக்கும், காலையில் சேர்த்துவிடு என்றாள். ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொன்னாள். உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது.

மறுநாள் குழாய்கள் வந்தபோது ஒரு குமிழி இல்லை. மேலே தண்ணீர் பளிச்சென்று தெளிந்திருந்தது. அசைக்காமல் கொண்டுவந்திருக்கிறான், கலங்கல் எல்லாம் படிந்துவிட்டது என்று அவள் அண்ணனை நினைத்துப் பெருமைப்பட்டாள். ஒன்றை மட்டும் வழக்கம்போல அறுக்காமல் குளிர் அறையில் வைத்துவிட்டு, மற்றவற்றைக் காற்றில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு பிணைத்த கையுறைக்குள் கையை விட்டு, துண்டு துண்டாக அறுத்தாள்.

முடிவு வந்தது. மேல் துண்டுகளில் யுரேனியம் கரைந்து கிளம்பிக்கொண்டிருந்தது.

அவளுக்கு நம்ப முடியவில்லை. ஆனால் எண் எண்தான். மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தாள். மதகைத் திறக்க நாள் குறித்தார்கள். மருந்துக்கடை அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

5

தப்பை அவள் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வடிவத்தில் ஒரு பழைய கோப்பில் கண்டுபிடித்தாள். அத்தை சிரித்தார். எழுத்தாளனுக்கு வழி தெரியாதபோது அலமாரியிலிருந்து கோப்பு விழுமாம். இரண்டாம் வடிவத்தில் ஒரு கனவு. அதை அத்தையிடம் காட்டவே இல்லை.

உண்மையில் (புளுகில் உண்மை எது என்று கேட்காதீர்கள்) அது சாப்பாட்டு மேசையில் நடந்தது. விடுமுறை நாள். நண்டு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். பாதித் தண்ணீர் குடித்துக் குவளையைக் கீழே வைத்தாள். பேசிக்கொண்டே அண்ணன் குவளையை எடுத்தான், தொட்டியில் கொட்டினான், வடிகட்டியில் புதுத் தண்ணீர் பிடித்தான், அவள் முன்னால் வைத்தான். பேச்சு நிற்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பார்த்த காட்சி. இந்தத் தடவை அவள் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பளிச்சென்று இருந்தது.

"அண்ணா, அன்னைக்கு என் குழாய்ல இருந்த தண்ணிய என்ன பண்ணே?"

"மாத்தினேன்."

"மாத்தினியா?"

"பின்ன? ஒரே கலங்கல், டீ மாதிரி. கொட்டிட்டு, மூடாம பின்கட்டுல நிறுத்தி வெச்சேன். காலைல நல்ல தண்ணி ஊத்தினேன். குமிழி கூடாதுன்னு சொன்னியே, தட்டித் தட்டி எடுத்துட்டுத்தான் மூடினேன்."

சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை இருந்தது. பாவம். சொன்னதைச் சொன்னபடி செய்தவன் அவன். தண்ணீரை மாற்றாதே என்று அவள் சொல்லவில்லை. அவள் தொழிலில் இருக்கும் ஒருவருக்கும் அப்படிச் சொல்லத் தோன்றாது. மீனவரிடம் போய் மீனைத் திருப்பிக் கடலில் விட்டுவிடாதே என்று யார் சொல்வார்கள்?

ஒரு ராத்திரி முழுக்கச் சேறு காற்றைக் குடித்திருக்கிறது. கறுப்பு மேல்பரப்பு துருநிறமாகியிருக்கிறது. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்த யுரேனியம் எல்லாம் எழுந்து நின்றிருக்கிறது. காலையில் அதன் மேல் நல்ல தண்ணீர் வந்து விழுந்திருக்கிறது.

"அண்ணா," என்றாள் அவள், "நான் எழுதிக் குடுத்த முடிவு உன் வீட்டுப் பின்கட்ட பத்தினது. சதுப்ப பத்தினது இல்ல."

6

இங்கே ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். என்ன எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன், நீங்களே யோசித்திருப்பீர்கள். குடும்பத்தில் அடியில் கிடக்கும் கசப்பையும் சதுப்பில் கிடக்கும் உலோகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிளறாமல் விட்டால் இரண்டுமே இறுகிவிடும் என்று அழகாக—

அத்தை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நாப்பது வருஷம் உங்க மாமாவும் நானும் கிளறாமத்தான் வெச்சிருந்தோம். ஒண்ணும் இறுகல, மாப்பிள்ளை," என்றார்.

அதற்குப் பிறகு அந்த உவமையைப் பயன்படுத்த எனக்குத் துணிவில்லை. சேறு சேறுதான். மனிதர்கள் பேசிக்கொள்ள வேண்டும்.

அவர்கள் பேசிக்கொண்டார்கள். நண்டு கத்தவில்லை. அவளுக்குக் கோபம் இருந்தது, அதைவிட வெட்கம் இருந்தது. தெளிந்த தண்ணீரைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டியவள் அவள். சதுப்புத் தண்ணீர் எத்தனை நாள் வைத்தாலும் பழுப்பாகத்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? அதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். என் பொருளைத் தொட்டால் எனக்குப் பிடிக்காது என்று உனக்கு எப்போதாவது உறைத்திருக்கிறதா என்று பழைய கணக்கையும் சேர்த்துச் சொன்னாள். அவள் சின்ன வயதில் வாளியில் வளர்த்த தலைப்பிரட்டைகளை அவன் வாய்க்காலில் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் நிரப்பி வைத்த கதை அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அண்ணனுக்கு அது நினைவே இல்லை. அவனுக்கு முகம் செத்துவிட்டது.

மதகு திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு ஒரு மன்றக் கூட்டம் மிச்சம் இருந்தது. அதற்குள் புதுக் குழாய்கள் வேண்டும், புது முடிவு வேண்டும். தான் எழுதிக் கொடுத்தது தப்பு என்று ஊர் முன்னால் அவள் சொல்ல வேண்டும். ஊர் நம்பவில்லை என்றால் சதுப்பு வடிந்து காயும், இன்னும் இறுகாத சரக்கெல்லாம் விழித்துக்கொண்டு, அடுத்த மழையில் ஏரிக்குள் இறங்கும்.

"நான் வரேன்," என்றான் அண்ணன். "நானே தூக்கிட்டு வரேன்."

7

பேருந்து ஏன்? அவனிடம்தான் வேன் இருக்கிறதே.

வேன் பழுதாகிவிட்டது என்று எழுதினேன். சோம்பேறித்தனம். வேனைக் கடன் கொடுத்திருந்தான் என்று எழுதினேன். அதைவிடச் சோம்பேறித்தனம். நான் பேருந்தில் பார்த்துவிட்டேனே, அதனால் பேருந்து என்று உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு காரணம் அண்ணனிடமிருந்தே வந்தது.

"ஓட்டினா பிடிக்க முடியாது. பிடிச்சா ஓட்ட முடியாது. உனக்கு ஓட்டத் தெரியாது. வா, பஸ்ல போவோம்."

அப்படித்தான் அந்தப் பெரிய மனிதன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே சேற்றை நிறுத்திக்கொண்டு, கலங்கல் தண்ணீரை ஒரு சொட்டும் மாற்றாமல், ஊர்ந்து ஊர்ந்து வந்தான். பக்கத்தில் தங்கை நிம்மதியாகத் தூங்கினாள். முந்தின வாரம் முழுக்க அவள் தூங்கவில்லை. அவன் வைத்திருக்கிறான், இனி பார்த்துக்கொள்வான் என்று தெரிந்துதான் தூங்கினாள். பின்னால் எவனோ பையால் இடித்தான். ஆடாமல் உட்காரச் சொன்னான் அண்ணன்.

இடித்தவன் நான். கதைக்குள் எனக்குக் கிடைத்த வேடம் அவ்வளவுதான்.

8

கூட்டம். வரிசையாக மடக்கு நாற்காலிகள், எண்ணெய் கேட்டுக் கிறீச்சிடும் மின்விசிறி, மேசைமேல் தலைவருக்கு ஒரு குவளைத் தண்ணீர். நண்டு மேசையில் இரண்டு குழாய்களை நிறுத்தினாள். ஒன்று குளிர் அறையில் அறுக்காமல் வைத்திருந்த பழையது: மேலே பளிச்சென்ற தண்ணீர், அதன் கீழே துருநிறப் பட்டை, அப்புறம் கறுப்பு. மற்றது புதியது: மேலே பழுப்புக் கலங்கல், கீழே முழுக்கக் கறுப்பு.

தன் முடிவு தவறு என்றாள். எப்படித் தவறானது என்பதைச் சொல்ல வாயெடுத்து, அண்ணனைப் பார்த்து, நிறுத்தினாள். பிறகு இரண்டு குழாய்த் தண்ணீரையும் சோதித்ததைச் சொன்னாள்.

"எதுல விஷம் இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

எல்லார் கண்ணும் கலங்கல் குழாய்க்குப் போனது.

"அதுல இல்ல. இருக்குன்னு சொல்ற அளவுக்கே இல்ல. இந்த நல்ல தண்ணியிலதான் இருக்கு. குடிக்கக் கூடாத அளவுக்கு இருக்கு."

மருந்துக்கடை அம்மா எழுந்தார். அவர் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் வேடத்துக்கு ஆள் தேடி நான் தோற்றுவிட்டேன். "போன தடவை நீ சொன்னதையும் நம்பினேன்," என்றார். "இப்ப அது தப்புங்கறே. அப்போ இதை மட்டும் எதை வெச்சு நம்பறது?"

நியாயமான கேள்வி. நண்டிடம் பதில் இல்லை. (என்னிடமும் இல்லை. இந்த இடத்தில் கதை பல நாள் நின்றுவிட்டது. நான் வேறு கதை எழுதப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம்.)

"தண்ணிய மாத்தினது நான்," என்றபடி அண்ணன் மேசையருகே வந்தான்.

அவனுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அழுக்குன்னு நெனச்சேன். நல்லது பண்றோம்னு நெனச்சுத்தான் பண்ணேன். இப்ப நாம எல்லாரும் நெனைக்கிற மாதிரியேதான். எம் பொக்லைன் தயாரா நிக்குது. ஓட்டச் சொன்னா ஓட்டிடுவேன். ஆனா இந்தக் குழாய்ல இருக்கறது ரெண்டு கை சேறு. ஒரு ராத்திரி திறந்து வெச்சதுக்கே இப்படி. அங்க கெடக்கறது எவ்வளவுன்னு எனக்குத் தெரியும், வாரப் போறவன் நான்தானே."

பின்கட்டில் ஒரு ராத்திரி நின்ற குழாய்க்குள் ஊரின் சதுப்பு முழுவதையும் இப்போது எல்லோராலும் பார்க்க முடிந்தது. அவன் தப்பு செய்யாமல் இருந்திருந்தால் இப்படி ஒரு சாட்சி அவளுக்குக் கிடைத்திருக்காது. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மருந்துக்கடை அம்மா உட்காரவில்லை. "அப்போ விஷம் அங்கேயேதான் கெடக்கும். எம் பொண்ணு வயித்துல இருக்கறதும் வளர்ந்து அதுக்குக் காவல் இருக்கணும். அப்படித்தானே?"

ஆறுதலாக எதையாவது சொல்லிவிட நண்டுக்கு ஆசையாக இருந்தது. எனக்கும்.

"ஆமாம்மா. இருக்கணும்," என்றாள். "தண்ணி வத்தாமப் பாத்துக்கணும். கோடையில ஊருக்குக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு அங்க நிக்க விடணும். வருஷா வருஷம் சோதிக்கணும். ஆனா கெடக்கக் கெடக்க அது இறுகுது. அன்னைக்கு அறுத்த மத்த குழாய்களோட அடித்துண்டுகளை வேணும்னே காத்துல வெச்சுப் பாத்தேன். உங்க காலத்துக்கும் முன்னாடி படிஞ்ச சேறு அது. அநேகமா அசையவே இல்ல."

9

இங்கிருந்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் எல்லோரும் கை தூக்குகிறார்கள், தட்டுகிறார்கள், சதுப்பில் நாரை இறங்குகிறது. அத்தை நாரையை மட்டும் அடித்தார், மீதி தானாக விழுந்துவிட்டது.

இரண்டாவதில் ஊர் நம்பவில்லை. மதகு திறக்கிறது. நாலு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. எழுத முடியாததற்குக் கலைக் காரணம் எதுவும் இல்லை. பிறக்கப் போகும் அந்தப் பிள்ளை அந்தத் தண்ணீரைக் குடிப்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, பல வருடம் கழித்து, ஒரு பெண் முட்டளவு சேற்றில் இறங்கிக் குழாயை—

வேண்டாம். அது நடக்கட்டும், அப்போது எழுதலாம்.

என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். தலைவர் வாக்கெடுப்புக்குத் தொண்டையைச் செருமினார். அண்ணன் மேசையருகேதான் நின்றுகொண்டிருந்தான். தலைவர் பாதி குடித்து வைத்த குவளை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கை தன் பாட்டுக்குப் போனது. குவளையைத் தொட்டது. அங்கேயே நின்றது. நண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குவளையை அப்படியே விட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவள் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு.

மருந்துக்கடை அம்மா இன்னும் உட்காரவில்லை. இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். பழுப்புத் தண்ணீர்க் குழாயின் மேல் லேசாக விரலை வைத்தார். யாரும் அதை இடித்துவிடாமல் சற்று உள்ளே நகர்த்தி வைத்தார். ஒரு சொட்டும் கலங்கவில்லை.

"சரி," என்றார். "கோடையில தண்ணி எறங்கும்போது அந்த மதகை யாரு பாத்துக்குவா?"

அத்தை இந்த வரியைப் படித்துவிட்டுப் பேனாவை மூடினார். திருத்தம் இல்லை. பதிலை எழுதச் சொல்லி என்னைப் பார்த்தார். மன்றத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் தரையைப் பார்க்கிறான். பின்வரிசையில் அவன் எழுந்து வந்த நாற்காலி காலியாக இருக்கிறது. இவ்வளவு நேரமும் ஆடாமல் உட்கார்ந்து கேட்டவர் நீங்கள். அம்மா உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறார். அவர் கேட்டது என்னை இல்லை.